உலோகம் இல்லாத ஸ்கேன் மருந்து



என் வகுப்பில் கூலிம் ஹைடெக் பூங்காவில் வேலை செய்யும் பெற்றோரின் பிள்ளைகள் பலர். கருத்துணர்தல் பாடத்தில் படிவம் 5 மாணவி ஒருத்தி கேட்டாள்: "டீச்சர், அம்மாவுக்குக் கிட்னி பிரச்சினை. எம்.ஆர்.ஐ. எடுக்கிறப்போ மருந்து ஏத்த டாக்டர் யோசிக்கிறாரு. ஏன்?" அன்று என்னிடம் பதில் இல்லை. பிறகு படித்ததைப் பகிர்கிறேன்.

எம்.ஆர்.ஐ. கருவி, உடல் நீரிலுள்ள ஹைட்ரஜன் தரும் சைகையைப் படமாக்குகிறது. கட்டி போன்றவை எடுப்பாகத் தெரிய, கடோலினியம் உள்ள மருந்தை நரம்பில் ஏற்றுவார்கள். இது அரிய மண் உலோகம், தனித்திருந்தால் நச்சு. அதனால் கரிம மூலக்கூறு ஒன்றின் பிடிக்குள் பூட்டித்தான் கொடுப்பார்கள். சிறுநீரகம் அதை வெளியேற்றிவிடும். சிறுநீரகம் பழுதானால் மருந்து உடலிலேயே தங்கும். தோல் இறுகும் கடுமையான நோய்க்கும் இதற்கும் உள்ள தொடர்பு 2006இல் தெரியவந்தது. இன்று பிடி உறுதியான வகைகள் உள்ளன. அவற்றில் ஆபத்து மிகக் குறைவு.

உலோகமே இல்லாமல் முடியாதா? முடியும் என்கிறது ஓர் ஆய்வு வழி. 2000இல் விளக்கப்பட்ட இம்முறையில், சிறிய கரிம மூலக்கூறின் ஹைட்ரஜன் பக்கத்து நீரின் ஹைட்ரஜனோடு ஓயாமல் இடம் மாறுகிறது. குறிப்பிட்ட வானொலி அலையால் மூலக்கூறின் ஹைட்ரஜனை மட்டும் அடக்கினால், அடங்கியவை நீருக்குப் போய்ச் சேரும். நீரின் சைகை குறையும்.

மாணவர்களுக்கு இப்படிச் சொன்னேன்: கோயில் வாசலில் ஒருவர் நின்று வருவோர் நெற்றியில் எல்லாம் திருநீறு இடுகிறார். அவர் ஒருவர்தான், சற்று நேரத்தில் கூட்டமே திருநீறோடு நிற்கும். மூலக்கூறு சிலவே, மாறுவது நிறைய நீர்.

2013இல் ஆய்வாளர்கள் சாலிசிலிக் அமிலத்தை இப்படிச் சோதித்தார்கள். ஆஸ்பிரினுக்கு மூலப்பொருள் அதுதான்! சர்க்கரையான குளுக்கோஸையும் சோதித்து வருகிறார்கள். குறை உண்டு: கடோலினியத்தைவிட அதிக அளவு மருந்து தேவை. அதனால் இவை இன்னும் ஆய்வுக்கட்டத்தில்தான் பெரும்பாலும் உள்ளன.

அந்த மாணவியிடம் சொன்னேன்: "டாக்டர் யோசிக்கிறது அம்மாவைப் பாதுகாக்கத்தான்மா. பயந்து ஸ்கேனைத் தள்ளிப்போடாதீங்க. கிட்னி இரத்தப் பரிசோதனை முடிவு என்ன, எந்த வகை மருந்துன்னு கேளுங்க." அடுத்த நாள் அவள் கேள்விகளைத் தமிழில் எழுதி வந்தாள். உங்கள் வகுப்பிலும் இதைப் பயிற்சியாகக் கொடுக்கலாம்: மருத்துவரிடம் கேட்க ஐந்து கேள்விகள்.