புதுக் குளத்துத் தண்ணீருக்கு ரசப் பக்குவம்

குமுளி மலைச்சரிவில் விடுதி கட்டுகிறவர்கள் பலரும் இப்போது அறைகளோடு ஒரு நீச்சல் குளத்தையும் சேர்த்தே கட்டுகிறார்கள். ஏலத்தோட்டத்தைப் பார்த்தபடி நீந்தலாம் என்றால் தேக்கடிக்கு வருகிற யாருக்குத்தான் பிடிக்காது? டைல்ஸ் ஒட்டி முடித்து, போர்வெல்லிலிருந்தோ டேங்கர் லாரியிலிருந்தோ தண்ணீர் நிரப்பியதும் குளத்தின் அடி வரை பளிச்சென்று தெரியும். அன்றைக்கே ஆட்களை இறக்கிவிடலாம் என்று தோன்றும். கொஞ்சம் பொறுக்க வேண்டும். அது அடுப்பில் ஏற்றிய வெறும் தண்ணீர்தான். இனிமேல்தான் அதை ரசமாக்க வேண்டும்.

ரசத்தில் பருப்புத் தண்ணீர், புளி, உப்பு, பெருங்காயத் தாளிப்பு என்று நான்கு சங்கதிகள் இருக்கின்றன. எது முன்னால், எது கடைசியில் என்பதில்தான் பக்குவம். குளத்திலும் அப்படியே நான்கு உண்டு: காரத்தன்மை, பி.எச்., கடினத்தன்மை, குளோரின். புதுக் குளத்தில் பலர் செய்வது, நிரப்பிய கையோடு குளோரினைக் கொட்டுவது. தாளிப்பை முதலில் போட்டுவிட்டுப் புளி கரைக்கப் போவது மாதிரிதான் அது.

முதலில் பாத்திரத்தின் கொள்ளளவு தெரிய வேண்டும். நீளத்தையும் அகலத்தையும் சராசரி ஆழத்தையும் மீட்டரில் பெருக்கி, வந்த விடையை ஆயிரத்தால் பெருக்கினால் லிட்டர் கிடைக்கும். 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம். ஆழம் ஒரு முனையில் 1 மீட்டர், மறுமுனையில் 1.5 மீட்டர். அப்படியானால் சராசரி ஆழம் 1.25 மீட்டர், குளம் 40,000 லிட்டர். இதை வைத்துக்கொண்டே மேலே போவோம். பி.பி.எம். என்றொரு அளவு அடிக்கடி வரும். ஆயிரம் லிட்டரில் ஒரு கிராம் கரைந்திருந்தால் அது 1 பி.பி.எம். ஆக, நம் குளத்தில் 1 பி.பி.எம். என்பது 40 கிராம்.

அடுத்து, ருசி பார்க்க வேண்டும். அதற்குச் சொட்டு மருந்துப் பெட்டி கடையில் கிடைக்கும். குளத்து நீரை முழங்கை ஆழத்திலிருந்து எடுங்கள். மேல்மட்டத்து நீரும், குழாய் வாய்க்குப் பக்கத்து நீரும் பொய் சொல்லும். குளோரின் பார்க்கும் மருந்தில் இரண்டு வகை உண்டு. மஞ்சள் நிறம் காட்டுவது மொத்தக் குளோரினைத்தான் சொல்லும். இளஞ்சிவப்பு காட்டுகிற டி.பி.டி. மருந்து, வேலை செய்யக்கூடிய குளோரினைத் தனியாகச் சொல்லும். இரண்டாவதையே வாங்குங்கள்.

இப்போது குமுளித் தண்ணீருக்கு வருவோம். இந்தப் பக்கத்துப் பாறை கடினமானது. மழை நீர் அதன் மேல் ஓடி வந்தாலும் சுண்ணாம்பை அதிகம் கரைத்துக்கொண்டு வருவதில்லை. அதனால் மலைத் தண்ணீர் பெரும்பாலும் மென்னீர். பருப்பு சீக்கிரம் வேகும், சோப்பு நன்றாக நுரைக்கும். குடித்தனத்துக்கு அருமையான தண்ணீர். குளத்துக்கு அதுவே குறை. உப்புப் போடாத தண்ணீரில் காய் வெந்தால் காயின் சத்தும் ருசியும் தண்ணீருக்குள் இறங்கிவிடும் அல்லவா? கால்சியம் இல்லாத தண்ணீரும் தனக்கு வேண்டியதைச் சுற்றியிருப்பதிலிருந்து எடுத்துக்கொள்ளும். குளத்தில் அதற்குக் கிடைப்பது டைல்ஸ் இடுக்கில் பூசிய சிமென்ட்தான். இடுக்குச் சாந்து நாளடைவில் சொரசொரப்பாகி, பொடிப்பொடியாக உதிரும். கட்டிய கொத்தனார் மேல் பழி விழும்; சாந்தைத் தின்றது தண்ணீராக இருக்கும்.

அந்தக் கால்சியத்துக்குப் பின்னால் வருவோம். முதல் வேலை, பருப்புத் தண்ணீர் சேர்ப்பது. வெறும் புளித் தண்ணீரில் கூடுதலாக ஒரு கரண்டி புளி விழுந்தால் வாயில் வைக்க முடியாது. பருப்புத் தண்ணீர் விட்ட ரசமோ அதைத் தாங்கிக்கொள்ளும். தண்ணீரில் அந்தத் தாங்கும் சக்திக்குப் பெயர் மொத்தக் காரத்தன்மை. அது 80 முதல் 120 பி.பி.எம். வரை இருக்க வேண்டும். மலைத் தண்ணீரில் 30 மட்டுமே இருந்தால், ஒரு குவளை அமிலம் விட்டாலும் ஒரு மழை பெய்தாலும் பி.எச். தாறுமாறாக ஏறி இறங்கும். இதற்கு மருந்து நம் சமையலறையிலேயே இருக்கிறது: ஆப்பச் சோடா. ஆயிரம் லிட்டருக்குச் சுமார் 17 கிராம் போட்டால் 10 பி.பி.எம். கூடும். நம் குளத்தை 30-லிருந்து 90-க்குக் கொண்டுவர 4 கிலோ வேண்டும். பம்பை ஓடவிட்டு, பரவலாகத் தூவி, மறுநாள் மறுபடி அளந்து பாருங்கள்.

அதன் பிறகு புளிப்பு. புளிப்பை அளக்கும் கோல்தான் பி.எச். 1909-ல் டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் சோரன்சன் என்ற வேதியியலாளர் வகுத்தது. 7 நடு, கீழே போனால் புளிப்பு, மேலே போனால் காரம். ஒரு எண் மாறினால் பத்து மடங்கு மாறியதாக அர்த்தம். குளத்துக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை 7.2 முதல் 7.8 வரை.

இங்கே புதுக் குளக்காரர்கள் அவசரப்படுவதைப் பார்த்திருக்கிறேன். போர்வெல் தண்ணீரில் கரியமில வாயு கரைந்திருக்கும். அதனால் நிரப்பிய அன்று பி.எச். 6.5 என்றுகூடக் காட்டலாம். பயந்துபோய்ச் சலவைச் சோடாவைக் கொட்ட வேண்டாம். பம்ப் ஓடி, தண்ணீர் காற்றோடு கலக்கக் கலக்க அந்த வாயு தானாக வெளியேறும், பி.எச். தானாக ஏறும். போதாததற்குப் புதுச் சிமென்டிலிருந்து சுண்ணாம்பும் கசிந்து பி.எச்-ஐ மேலே தள்ளும். முதல் சில வாரங்களுக்கு இந்த ஏற்றம் இருக்கத்தான் செய்யும். எனவே முதலில் இரண்டு நாள் காத்திருங்கள். 7.8-ஐத் தாண்டினால் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு இறக்குங்கள். வாளியில் தண்ணீரை முதலில் பிடித்து, அதில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும். அமிலத்தின் மேல் தண்ணீரை ஊற்றினால் தெறித்து முகத்தில் அடிக்கும்.

மூன்றாவது உப்பு, அதாவது கால்சியம் கடினத்தன்மை. சிமென்ட் இடுக்குள்ள குளத்துக்கு 200 முதல் 400 பி.பி.எம். தேவை. 50-ல் இருக்கும் நம் குளத்தை 200-க்கு ஏற்ற, கடையில் செதிலாகக் கிடைக்கும் கால்சியம் குளோரைடு கிட்டத்தட்ட 9 கிலோ பிடிக்கும். கரைக்கும்போது வாளி சுடும். ஆகவே கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் போட்டுக் கரையுங்கள். ஆப்பச் சோடா போட்ட அன்றே இதைப் போடாதீர்கள். இரண்டும் கூடினால் குளம் சுண்ணாம்புப் பால் போல் வெளுத்துவிடும். பி.எச்., காரத்தன்மை, கால்சியம், வெப்பம் இவற்றைக் கூட்டிப் பார்த்து, தண்ணீர் சுண்ணாம்பைத் தின்னுமா, படிய வைக்குமா என்று சொல்லும் கணக்கை அமெரிக்கப் பேராசிரியர் லாங்லியர் 1936-ல் கொடுத்தார். நகரத்துக் குடிநீர்க் குழாய்களுக்காகப் போட்ட கணக்கு அது. இன்று நீச்சல் குளத்துக்கும் அதுவே கணக்கு.

இனிதான் தாளிப்பு. அதற்கு முன்னால் ஒன்று, குளத்தை நிரப்பும் முன்பே பார்க்க வேண்டியது: அந்தத் தண்ணீரைக் குடத்தில் ஒரு இரவு வைத்தால் அடியில் துருப்போல் படிகிறதா? படிந்தால் அதில் இரும்பு இருக்கிறது. குளோரின் பட்டதும் குளம் தேயிலைத் தண்ணீர் நிறமாகி, டைல்ஸில் கறை ஏறும். அப்படிப்பட்ட தண்ணீரை முதலில் தொட்டியில் காற்றோட்டமாகக் கொட்டித் தெளியவைத்துப் பிறகு குளத்துக்கு விடுவதே நல்லது.

குளோரினுக்கு ஏன் கடைசி இடம்? தண்ணீரில் விழுந்த குளோரின் இரண்டாகப் பிரிந்து நிற்கும். கிருமியைக் கொல்லும் வீரியம் ஒன்றுக்குத்தான். அதன் பெயர் ஹைப்போகுளோரஸ் அமிலம். பி.எச். 7.5-ல் போட்ட குளோரினில் பாதி இந்த வடிவில் இருக்கும். 8-ல் கால் பங்கு, 8.5-ல் பத்தில் ஒரு பங்குதான். பி.எச்-ஐச் சரிசெய்யாமல் போட்ட மருந்தில் பெரும்பகுதி சும்மா நிற்கிறது என்று அர்த்தம். 65 சதவீத கால்சியம் ஹைப்போகுளோரைட் தூளானால், நம் குளத்தில் 3 பி.பி.எம். கொண்டுவர 185 கிராம் போதும். சூரியன் மறைந்த பிறகு போடுங்கள். குளித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் 1 முதல் 3 பி.பி.எம். வரை நிற்க வேண்டும்.

வெயிலில் குளோரின் சில மணி நேரத்தில் பறந்துபோகும். தாளித்த மணம் போகாமல் ரசத்தை மூடிவைக்கிறோமே, அந்த மூடிதான் சயனூரிக் அமிலம். 30 பி.பி.எம். என்றால் நமக்கு 1.2 கிலோ. மூடி இறுகிவிட்டால் மணமே வெளியே வராது. இதுவும் 50-க்கு மேல் கூடினால் குளோரினின் வேகத்தைக் கட்டிப்போட்டுவிடும். கடையில் விற்கும் டி.சி.சி.ஏ. என்ற குளோரின் மாத்திரைக்குள்ளேயே இந்த மூடி இருக்கிறது. நாள்தோறும் மாத்திரை போடுகிறவர்கள் சயனூரிக் அமிலத்தைத் தனியாகச் சேர்க்கத் தேவையில்லை. அது ஆவியாகாது, சேர்ந்துகொண்டே போகும். குறைக்க ஒரே வழி, பாதித் தண்ணீரை இறக்கிவிட்டுப் புதுத் தண்ணீர் விடுவதுதான்.

இந்த இடத்தில் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. குளோரின் தூளையும் அமிலத்தையும் ஒரே அறையில் அருகருகே வைக்காதீர்கள். இரண்டும் கலந்தால் நச்சு வாயு. டி.சி.சி.ஏ-வும் கால்சியம் ஹைப்போகுளோரைட்டும் ஒரே குவளையில் ஈரத்தோடு சேர்ந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கும். குளம் பார்த்துக்கொள்ளும் பையன் கையில் இரண்டுக்கும் தனித்தனிக் குவளையைக் கொடுப்பது முதலாளியின் கடமை.

வடிகட்டிக்கு அதிகம் சொல்லத் தேவையில்லை. முதல் சில நாள் பம்ப் இரவும் பகலும் ஓடட்டும். அழுத்தமானி வழக்கத்தைவிட 8 முதல் 10 பி.எஸ்.ஐ. ஏறினால் மணலைப் பின்னோக்கிக் கழுவுங்கள். மழைக்காலத்துச் செம்மண் கலங்கலுக்குப் படிகாரம் போடலாம். படிகாரம் காரத்தன்மையைக் குறைக்கும், ஆகவே மறுபடி அளக்க வேண்டும்.

மூக்கில் ஏறும் குளோரின் வாடை வந்தால், மருந்து கூடிவிட்டதாக எல்லோரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் மருந்து குறைந்த அடையாளம் அது. வியர்வையோடும் சிறுநீரோடும் குளோரின் கூடி உண்டாகும் குளோரமின்தான் அந்த வாடைக்குக் காரணம். கண் எரிச்சலும் அதனால்தான். கூடுதலாகக் குளோரின் போட்டு அதை எரித்துவிட வேண்டும். குளிக்கும் முன் எல்லோரும் ஒருமுறை ஷவரில் நின்றுவந்தால் இந்தத் தொல்லையே பாதியாகும்.

ஆனி, ஆடி மழையிலும் ஐப்பசி மழையிலும் குளம் நிரம்பி வழியும்போது நீங்கள் சேர்த்த பருப்பும் உப்பும் அதோடு போய்விடும். அந்த மாதங்களில் வாரம் ஒருமுறையாவது காரத்தன்மையை அளங்கள்.

குளத்தைக் கழுவி விடும் தண்ணீரை மட்டும் ஓடையில் திறந்துவிடாதீர்கள். குளோரின் மீனையும் தவளையையும் கொல்லும். தொட்டியில் வெயில் படும்படி நிறுத்தி, சொட்டு மருந்தில் குளோரின் இல்லை என்று தெரிந்த பிறகு உறிஞ்சு குழியில் விடுங்கள். இந்தச் சரிவின் ஓடைகள் தேக்கடி ஏரிப் பக்கம் இறங்குகின்றன. அந்த ஏரித் தண்ணீர்தான் சுரங்கம் வழியாகக் கம்பம் பள்ளத்தாக்குக்கும் அதைத் தாண்டி மதுரைக்கும் போகிறது.