பூட்டிய வீட்டில் எரியும் விளக்கு

கொள்வனவுக்காகக் கொழும்பு சென்று வரும் நம்மவர்களுக்கு இது பழகிப்போன பிரச்சினை. வீடு பூட்டிக் கிடக்கும். வாசல் விளக்கை அணைத்துவிட்டுப் போனால் இரவெல்லாம் இருட்டு. போட்டுவிட்டுப் போனால் பட்டப்பகலிலும் எரியும்.

ஒருமுறை நான் குடும்பத்தோடு பத்து நாட்கள் வெளியூர் போனபோது விளக்குகளைப் போட்டுவிட்டே போனேன். நான்காம் நாள் பக்கத்து வீட்டுத் தம்பி கோல் எடுத்தார். "காக்கா, பகலும் லைட் எரியுது. ஊட்டுல ஆளில்லண்டு ஊருக்கே சொல்லுற மாதிரி இருக்கு" என்றார். திருடனுக்கு நானே அறிவித்தல் பலகை மாட்டிவிட்டு வந்திருக்கிறேன்! செலவையும் பாருங்கள். 50 வொட் விளக்குகள் இரண்டு 10 நாட்கள் இரவு பகலாக எரிந்தால் 24 யூனிட். அதில் பாதி வீண்.

அதன் பிறகுதான் வைபை ரிலே பொருத்தினேன். ரிலே என்பது சிறு மின்காந்தத்தால் இயங்கும் சுவிச். கையடக்கத் தொலைபேசி அதனோடு நேரடியாகப் பேசுவதில்லை. நடுவில் ஒரு தரகர் இருக்கிறார். ஆங்கிலத்திலும் அதன் பெயர் 'புரோக்கர்' தான். 'வாசல் விளக்கைப் போடு' என்ற செய்தியை நாம் தரகரிடம் கொடுக்கிறோம். ரிலே இணையம் வழியாகத் தரகரோடு எப்போதும் தொடர்பில் இருந்து அதை வாங்கிக் கொள்கிறது. எம்.கியூ.டி.டி. எனப்படும் இந்த முறையை 1999இல் அன்டி ஸ்டான்போர்ட்-கிளார்க், ஆர்லன் நிப்பர் ஆகிய இருவரும் உருவாக்கினர். எண்ணெய்க் குழாய்களைச் செய்மதி மூலம் குறைந்த செலவில் கண்காணிப்பதே அப்போதைய தேவை.

இனி நான் பட்ட பாடத்தைச் சொல்கிறேன். ஓர் இரவு கொழும்பிலிருந்து 'போடு' என்று அனுப்பினேன். தொலைபேசியில் பச்சை அடையாளம் வந்தது. நிம்மதியாகத் தூங்கினேன். வீடோ விடியும்வரை இருட்டு! கரண்ட் போய் வந்ததில் ரவுட்டர் நின்றிருக்கிறது. பச்சை அடையாளம் நான் அனுப்பிய கட்டளையைத்தான் காட்டியது; ரிலேயின் பதிலை அல்ல.

லொறியில் சரக்கு ஏற்றியதும் கணக்கை முடித்துவிடுவோமா? கிடைத்ததற்குப் பற்றுச்சீட்டு கேட்போம் அல்லவா? இங்கும் அப்படித்தான். ரிலே தன் நிலையைத் திருப்பி அறிவிக்க வேண்டும். அதன் தொடர்பு அறுந்தால் தரகர் அதை நமக்குச் சொல்ல வேண்டும். இரண்டுக்கும் இம்முறையில் வசதி உண்டு. ஆனாலும் பல்ப் பழுதானால் ரிலேக்குத் தெரியாது. ஆகவே பக்கத்து வீட்டாரின் தயவு என்றும் தேவை.

பொருத்துமுன் நான்கு விடயங்களைக் கவனியுங்கள். ஒன்று, இது 230 வோல்ட் வேலை. தேர்ந்த எலக்ட்ரீஷியனிடமே கொடுங்கள். ரிலேயை மழை படாத இடத்தில் வையுங்கள். இரண்டு, கையால் போடும் சுவிச்சும் இருக்கட்டும். மூன்று, கரண்ட் போய் வந்தால் விளக்கு எரிய வேண்டுமா, அணைந்திருக்க வேண்டுமா என்பதை முன்கூட்டியே ரிலேயில் பதிந்து வையுங்கள். நான்கு, கூடவே வரும் கடவுச்சொல்லை உடனே மாற்றுங்கள். உங்கள் விளக்கு எப்போது எரிகிறது என்பதை அறிந்தவனுக்கு நீங்கள் வீட்டில் இல்லாத நாளும் தெரிந்துவிடும்.

சாமான் சிறியது, விலையும் பெரிதல்ல. ஆனால் பற்றுச்சீட்டு தராத ரிலேயை நம்பி வீட்டைப் பூட்டாதீர்கள்.