உத்திரத்துக்கும் பக்கத்துணை வேண்டும்

பள்ளிப் பிள்ளைகளின் மெல்லிய இரும்பு அடிக்கோல் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அகலப் பக்கம் செங்குத்தாக நிற்கும்படி திருப்பி, ஒரு முனையை மேசை விளிம்பில் இறுகப் பிடித்து, மறுமுனையை விரலால் கீழே அழுத்திப் பாருங்கள். அது கீழ்நோக்கி வளையாது. சட்டென்று பக்கவாட்டில் சாய்ந்து முறுக்கிக்கொள்ளும்.

வேலையிடங்களில் பீம் என்று சொல்லப்படும் இரும்பு உத்திரமும் இதே குணம் கொண்டதுதான். மேலிருந்து பாரம் ஏறினால் உத்திரம் கீழே வளைந்து ஒடியும் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். ஆனால் மெலிந்து நீண்ட உத்திரம் அந்த நிலையை எட்டுவதற்கு முன்பே பக்கவாட்டில் நெளிந்து விழுந்துவிடக்கூடும்.

காரணம் எளிது. இரு முனைகளிலும் தாங்கப்பட்ட ஐ வடிவ உத்திரத்தின் மீது பாரம் ஏறும்போது அதன் மேல்பட்டை நசுக்கப்படுகிறது, கீழ்ப்பட்டை இழுக்கப்படுகிறது. இழுபடும் கயிறு நேராகத்தானே நிற்கும்? நசுக்கப்படும் குச்சி அப்படியல்ல, ஏதாவது ஒரு பக்கம் தப்பி ஓடப் பார்க்கும். மேல்பட்டை ஓடப் பார்க்க, கீழ்ப்பட்டை நின்ற இடத்திலேயே நிற்க, உத்திரம் முறுக்கிக்கொள்கிறது. இந்த நெளிவின் கணக்கை 1899-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் லுட்விக் பிராண்டில், ஆஸ்திரேலியாவின் மிச்செல் ஆகிய இருவரும் தனித்தனியே தீர்த்து வெளியிட்டார்கள்.

இதில் பலர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. உயர்ந்த தர எஃகு வாங்கிப் போட்டால் பயம் இல்லை என்பார்கள். மெலிந்த உத்திரத்தில் அது உதவாது. நெளிவைத் தடுப்பது எஃகின் விறைப்பு. அது எல்லாத் தர எஃகிலும் ஏறக்குறைய ஒன்றே. தீர்மானிப்பது பக்கத்துணை இல்லாத நீளம். அந்த நீளம் இரட்டிப்பானால் மெலிந்த உத்திரத்தின் தாங்குதிறன் பாதியாகும். சில வடிவங்களில் கால்பங்கு அளவுக்கும் இறங்கிவிடும்.

ஆனால் பக்கத்துணைக்குப் பெரிய பலம் தேவையில்லை. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் நெடுங்காலம் பின்பற்றப்பட்ட பிஎஸ் 5950 என்னும் பிரிட்டிஷ் தரநிலை, நசுங்கும் பட்டையில் உள்ள விசையில் 2.5 விழுக்காட்டைத் தாங்கினால் போதும் என்றது. 100 டன் நசுக்கலுக்கு 2.5 டன்! ஒரு குறுக்குக் கம்பி, சரியாகப் பொருத்திய தரைத்தகடு அந்த வேலையைச் செய்துவிடும். தகட்டின் மடிப்புகள் உத்திரத்துக்குக் குறுக்காக ஓட வேண்டும். அது முறையாகப் பொருத்தப்பட்டும் இருக்க வேண்டும். சும்மா மேலே விரித்து வைத்த தகடு துணையாகாது.

பெரிய கேள்வி, எந்தப் பட்டையைப் பிடிப்பது என்பதுதான். தூணின் தலைக்கு மேலே தாண்டிச் செல்லும் உத்திரத்தில் நிலைமை தலைகீழ். அங்கே கீழ்ப்பட்டைதான் நசுங்குகிறது.

கனடாவின் வான்கூவர் நகருக்கு அருகில் உள்ள பர்னபியில் 1988 ஏப்ரல் 23 அன்று ஒரு பேரங்காடி திறக்கப்பட்டது. அதன் கூரையே கார் நிறுத்துமிடம். திறந்த சற்று நேரத்தில் பலத்த சத்தம் கேட்டது. ஊழியர்கள் மக்களை வெளியேற்றத் தொடங்கினார்கள். சில நிமிடங்களில் கூரையின் ஒரு பகுதி, நின்றிருந்த கார்களோடு உள்ளே சரிந்து விழுந்தது. பலர் காயமடைந்தார்கள், உயிரிழப்பு இல்லை. அந்தச் சில நிமிடங்கள் கிடைக்காமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கவே நடுங்குகிறது. விசாரணையில் இரண்டு குறைகள் வெளிப்பட்டன. உத்திரம் தேவைக்குச் சிறியது. அதோடு, தூணின் மேல் அதன் கீழ்ப்பட்டையைப் பக்கவாட்டில் பிடிக்க எதுவும் இல்லை.

நம் பக்கத்து வாசகர்களுக்கு 2004 ஏப்ரல் 20 அன்று சிங்கப்பூரின் நிக்கல் நெடுஞ்சாலை இடிந்தது நினைவிருக்கும். ரயில் சுரங்கத்துக்காகத் தோண்டிய பள்ளத்தின் இரும்புத் தாங்கிகள் நிலைகுலைந்து நால்வர் உயிரிழந்தார்கள். அது வேறு வகைக் கோளாறு என்றாலும் உறவு நெருக்கமானது. நசுக்கப்படும் இரும்புத் தாங்கிகளின் இணைப்புகளில் இருந்த பலவீனம் அங்கே முக்கியக் காரணமாகச் சுட்டப்பட்டது.

கட்டி முடித்த கட்டடத்தைவிடக் கட்டிக்கொண்டிருக்கும் கட்டடத்தில்தான் ஆபத்து அதிகம். தளமோ கூரையோ வந்து பிடித்துக்கொள்ளும் வரை உத்திரம் தனியாக நிற்கிறது. தற்காலிகக் குறுக்குக் கம்பிகளை அவசரப்பட்டுக் கழற்றுவது அங்கே வேலை செய்பவரின் உயிரோடு விளையாடுவது. இரும்புக்கு வாய் இல்லை. எல்லா இடத்திலும் அது பர்னபியைப் போல முன்கூட்டியே சத்தம் போடும் என்று எதிர்பார்க்க முடியாது.

தாமான் வீடுகளில் சுவரை இடித்துச் சமையலறையை நீட்டுவோர் பலர். சுவர் போன இடத்தில் ஐ வடிவ உத்திரம் வைத்தால், அதன் நசுங்கும் பட்டையை எது பிடித்திருக்கிறது என்று குத்தகையாளரிடம் கேளுங்கள். சதுரக் குழாய் வடிவ உத்திரம் முறுக்கத்தை நன்றாகத் தாங்கும் என்பதால் அதில் இந்தக் கவலை குறைவு. பின்னாளில் குளிர்சாதனக் குழாய்க்கு இடைஞ்சல் என்று ஒரு குறுக்குக் கம்பியை வெட்ட வேண்டும் என்று யாராவது சொன்னால், ஊராட்சி மன்றத்திடம் கொடுத்த வரைபடத்தில் கையெழுத்திட்ட பொறியியலாளரைக் கேட்காமல் அரத்தை எடுக்க விடாதீர்கள்.