புயலுக்குப் பிறகு உங்கள் தெருவுக்கு வரும் மெஷின்: மரம் அறுக்கும் இயந்திரங்கள் ஓர் ஒப்பீடு

புதுச்சேரிக்காரர்களுக்கு இரண்டு தேதிகள் மறக்காது. 2011 டிசம்பர் 30 காலை, 'தானே' புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையைக் கடந்தது. 2024 நவம்பர் 30 இரவு, 'ஃபெஞ்சல்' புயல் நம் ஊரை ஒட்டியே கரையேறி, ஒரே நாளில் 45 செ.மீ.க்கும் மேல் மழையைக் கொட்டியது. தானேயில் காற்று, ஃபெஞ்சலில் தண்ணீர். இரண்டிலும் மறுநாள் காலையில் நாம் கதவைத் திறந்ததும் பார்த்தது சாய்ந்து கிடந்த மரங்களைத்தான்.

மரம் கிடக்கும் தெருவுக்குள் ஆம்புலன்ஸ் வராது. மின்கம்பி மேல் கிளை கிடந்தால், அதை அகற்றாமல் லைனில் மின்சாரம் விட முடியாது. மின்சாரம் இல்லையென்றால் மோட்டார் ஓடாது, மாடித் தொட்டியில் தண்ணீர் ஏறாது. இத்தனையும் ஒரு மெஷினுக்காகக் காத்திருக்கும். 'செயின்சா' என்று எல்லோரும் சொல்கிற, சங்கிலிப் பல் வைத்த ரம்பம்தான் அது.

"அது வேலைக்காரங்க விஷயம், நமக்கு எதுக்கு?" என்று கேட்கலாம். குடியிருப்போர் நலச் சங்கத்தில் சொந்தமாக ஒன்று வாங்கலாமா என்று பேச்சு வரும்போதும், தோப்பு வைத்திருப்பவர் கடையில் எந்த மாடல் என்று குழம்பும்போதும், வாசலில் விழுந்த மரத்தை அறுக்க நாம் கூலிக்கு ஆள் கூப்பிடும்போதும் இது நம் விஷயமாகிவிடுகிறது. எந்த நிறுவனத்தையும் பரிந்துரைப்பது இந்தக் கட்டுரையின் நோக்கமல்ல. பெட்டியின் மேல் இருக்கும் எண்களுக்கு என்ன அர்த்தம் என்று சொல்வதே நோக்கம்.

64 கிலோவில் தொடங்கிய கதை

ஜெர்மனியின் ஆண்ட்ரியாஸ் ஸ்டில் 1926இல் செய்த முதல் மின் ரம்பத்தின் எடை 64 கிலோ. இரண்டு பேர் சேர்ந்து தூக்க வேண்டும். இன்றைய சங்கிலியின் வடிவம் வந்தது 1947இல். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் மரம் வெட்டும் தொழிலில் இருந்த ஜோசப் காக்ஸ் என்பவர், மரக்கட்டையைத் துளைக்கும் ஒரு வண்டின் புழுவைக் கவனித்தார். அது தன் தாடையை இடமும் வலமுமாக அசைத்து மரத்தைக் குடைந்து போவதைப் பார்த்து, அதேபோல இடது, வலது என்று மாறி மாறி வரும் பற்களை வைத்துச் சங்கிலி செய்தார். இன்று நம் தெருவில் ஓடும் சங்கிலியும் அந்த வழியில் வந்ததுதான்.

பெட்டியின் மேல் பார்க்க வேண்டிய எண்கள்

முதலாவது, சிசி. பைக்கில் சொல்கிற அதே இன்ஜின் கொள்ளளவு. இரண்டாவது, கிலோவாட், இதுதான் உண்மையான சக்தி. மூன்றாவது, எடை. இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். நிறுவனங்கள் சொல்லும் எடையில் பெட்ரோல், சங்கிலி, அது சுற்றி ஓடும் 'பார்' என்கிற நீளப் பட்டை எதுவும் சேராது. கையில் தூக்கும்போது அதைவிட ஒன்றிரண்டு கிலோ கூடத்தான் இருக்கும்.

இந்த மூன்றையும் வைத்து நீங்களே ஒரு கணக்குப் போடலாம். எடையைக் கிலோவாட்டால் வகுத்தால், ஒரு கிலோவாட் சக்திக்காக எத்தனை கிலோவைத் தூக்குகிறோம் என்று தெரியும். எண் குறைவாக இருந்தால் நல்லது.

• ஸ்டில் எம்எஸ் 170: சுமார் 30 சிசி, 1.2 கிலோவாட். வீட்டு உபயோக மாடல். ஒரு கிலோவாட்டுக்கு 3 கிலோவுக்கு மேல். கிளை கழிக்க, முருங்கை, கொய்யா மாதிரி சிறு மரங்களுக்குப் போதும்.

• ஸ்டில் எம்எஸ் 250: சுமார் 45 சிசி, 2.3 கிலோவாட், 4.6 கிலோ. ஒரு கிலோவாட்டுக்கு 2 கிலோ. தோப்பு, பண்ணை வேலைக்கு ஏற்ற நடுத்தர ரகம்.

• ஸ்டில் எம்எஸ் 382: சுமார் 72 சிசி, 3.9 கிலோவாட், 6.2 கிலோ. ஒரு கிலோவாட்டுக்கு சுமார் 1.6 கிலோ. தொழில்முறை ரகம். பருத்த வேம்பு, தூங்குமூஞ்சி மரங்களின் அடிமரத்தை எடுக்க இந்த அளவு வேண்டும்.

• ஹஸ்க்வர்னா 572 எக்ஸ்பி: சுமார் 70 சிசி, 4.3 கிலோவாட், 6.6 கிலோ. ஒரு கிலோவாட்டுக்கு சுமார் 1.5 கிலோ. ஸ்வீடன் நிறுவனத்தின் தொழில்முறை மாடல்.

• ஸ்டில் எம்எஸ் 500ஐ: 79 சிசி, 5 கிலோவாட், 6.2 கிலோ. ஒரு கிலோவாட்டுக்கு 1.24 கிலோ. கார்பரேட்டர் கிடையாது, புது பைக்குகளில் இருப்பது போல மின்னணு முறையில் எரிபொருளைச் செலுத்தும் வசதி.

எம்எஸ் 382உம் எம்எஸ் 500ஐயும் ஒரே எடை. ஆனால் சக்தி ஒரு கிலோவாட்டுக்கு மேல் வித்தியாசம். நாள் முழுக்க மெஷினைத் தூக்கி நிற்பவரின் தோளுக்கு அந்த வித்தியாசம் புரியும்.

சரி, பெரிய மெஷினாக வாங்கிவிட்டால் வேலை முடிந்ததா? இல்லை. விழுந்த மரத்தில் முக்கால்வாசி வேலை கிளைகளில்தான். அதற்குக் கனமான மெஷினைப் பிடித்தால் கை சோர்ந்துபோகும். விபத்து வருவதும் அப்போதுதான். அதனால் கிளைக்கு ஒன்று, அடிமரத்துக்கு ஒன்று என்று இரண்டு வைத்துக்கொள்வதே அனுபவசாலிகளின் வழக்கம்.

நம் ஊர் மண், நம் ஊர் மரம்

எண்கள் சொல்லாத சில விஷயங்களும் உண்டு. நம்முடையது கடற்கரை ஊர். வேரோடு சாய்ந்த மரத்தில் மணல் ஒட்டியிருக்கும். அதில் சங்கிலி பட்டால் சில நிமிடங்களிலேயே பல் மழுங்கிவிடும். தென்னையின் நார் சங்கிலியிலும் பல்சக்கரத்திலும் சுற்றிக்கொள்ளும். சவுக்கு பார்க்க ஒல்லியாக இருந்தாலும் கட்டை இறுக்கம். எனவே அறுக்கும் இடத்தைத் தண்ணீர் ஊற்றித் துடைத்துவிடுங்கள்; கையில் ஒரு மாற்றுச் சங்கிலி வைத்திருங்கள். சங்கிலி கூராக இருக்கிறதா என்று அறிய சுலபமான வழி உண்டு. கீழே சீவல் சீவலாக விழுந்தால் கூர் இருக்கிறது. மாவு மாதிரி தூள் விழுந்தால் அரம் போட வேண்டும்.

அடுத்தது எரிபொருள். இவை டூ-ஸ்ட்ரோக் இன்ஜின்கள். பொதுவாக 1 லிட்டர் பெட்ரோலுக்கு 20 மி.லி. டூ-ஸ்ட்ரோக் ஆயில் கலக்க வேண்டும். இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். ஆனால் பல மாடல்களின் கையேட்டில் 10 சதவீதம் வரைதான் என்று எழுதியிருக்கும். வாங்கும் முன் கடையில் இதைக் கேளுங்கள். எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். போன மழைக்குக் கலந்து வைத்த பெட்ரோலை இந்த மழைக்கு ஊற்றினால் மெஷின் கிளம்பாமல் போகலாம். வேலை முடிந்ததும் டேங்கைக் காலி செய்து வைப்பது நல்ல பழக்கம்.

பேட்டரி மெஷின் வருமா?

வந்துவிட்டது. ஸ்டில் எம்எஸ்ஏ 300, ஹஸ்க்வர்னா 540ஐ எக்ஸ்பி போன்றவை தொழில்முறை பேட்டரி மாடல்கள். புகை இல்லை, சத்தம் குறைவு, பொத்தானை அழுத்தினால் ஓடும். மருத்துவமனை, பள்ளி பக்கத்தில் கிளை கழிக்க அருமையானவை. ஆனால் புயலுக்கு மறுநாள் ஊரில் மின்சாரமே இருக்காது. பேட்டரி தீர்ந்தால் சார்ஜ் எங்கே போடுவது? பெட்ரோல் மெஷினுக்கு ஒரு கேன் போதும். அதனால் இன்றைக்குப் பேரிடர் வேலையில் பெட்ரோல்தான் முன்னால் நிற்கிறது.

இனி வரும் மாடல்களில் எதிர்பார்ப்பது

நம் ஊருக்கு வேண்டியது இன்னும் பெரிய மெஷின் இல்லை. மீட்பு வண்டியிலிருந்தே வேகமாக சார்ஜ் ஏறுகிற, கொட்டும் மழையிலும் தாங்குகிற பேட்டரி வேண்டும். எத்தனால் பெட்ரோலுக்கு என்றே செய்த இன்ஜின் வேண்டும். எரிபொருள் செலுத்தும் தொழில்நுட்பம் பெரிய மாடலோடு நிற்காமல் 45 சிசி ரகத்துக்கும் வர வேண்டும்.

இவற்றைவிட முக்கியமானது பாதுகாப்பு உடை. சங்கிலியைச் சிக்கவைத்து நிறுத்தும் நார் அடுக்குகள் கொண்ட காற்சட்டைகள் பெரும்பாலும் குளிர்நாடுகளை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. நம் வெயிலிலும் புழுக்கத்திலும் அதைப் போட்டு அரை மணி நேரம் நிற்பதே கஷ்டம். அதனால்தான் பலர் லுங்கியோடும் ரப்பர் செருப்போடும் அறுக்கிறார்கள். நம் தட்பவெப்பத்துக்கு ஏற்ற மெல்லிய உடை வந்தால், அதைவிடப் பெரிய முன்னேற்றம் வேறில்லை.

உங்கள் வாசலில் மரம் விழுந்தால்

• முதலில் கம்பியைப் பாருங்கள். மரம் மின்கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்தால் கிட்டே போகாதீர்கள், மற்றவர்களையும் விடாதீர்கள். கரண்ட் இல்லை என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள். மின்துறை ஊழியர் சொன்ன பிறகே வேலை.

• அவசர உதவிக்கு 112, தீயணைப்புத் துறைக்கு 101 ஆகிய எண்களை அழையுங்கள். தெருப் பெயர், அருகிலுள்ள அடையாளம், மரத்தின் பருமன், கம்பி அறுந்திருக்கிறதா என்பதைச் சொல்லுங்கள். 'இரண்டு கை கட்டிப்பிடிக்கிற பருமன்' என்று சொன்னால்கூட எந்த மெஷினை எடுத்து வர வேண்டும் என்று அவர்களுக்குப் புரியும்.

• கூலிக்கு ஆள் வைத்தால் தலைக்கவசம், கண்ணாடி, காதுக்கவசம், ஷூ இருக்கிறதா என்று பாருங்கள். இந்த மெஷின்களின் சத்தம் 100 டெசிபெலைத் தாண்டும். முன்பக்கத்தில் இருக்கும் சங்கிலி பிரேக் வேலை செய்கிறதா என்று காட்டச் சொல்லுங்கள். பட்டையின் மேல்நுனி கட்டையில் மோதினால், மெஷின் கண்ணிமைக்கும் நேரத்தில் அறுப்பவரின் முகத்தை நோக்கித் துள்ளும். அப்போது சங்கிலியை நிறுத்துவது அந்த பிரேக்தான்.

• வளைந்து அழுந்திக் கிடக்கும் கிளை வில் மாதிரி. அறுத்ததும் எகிறும். வேடிக்கை பார்ப்பவர்களும் குழந்தைகளும் தள்ளியே நிற்கட்டும்.

• ஏணி மேல் நின்றோ, தோளுக்கு மேல் தூக்கியோ, தனியாகவோ அறுக்க விடாதீர்கள்.

• நிற்கும் மரத்தை வெட்ட வேண்டுமென்றால் அது வேறு விஷயம். முதலில் வனத்துறையிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வடகிழக்குப் பருவமழை ஒவ்வொரு அக்டோபரிலும் வரத்தான் போகிறது. சங்கத்து மெஷின் ஒன்று மூலையில் கிடந்தால், செப்டம்பரிலேயே ஒருநாள் வெளியே எடுத்து, புதுப் பெட்ரோல் ஊற்றி, கிளம்புகிறதா என்று பாருங்கள். புயலன்று இரவு கயிற்றை இழுத்துப் பார்ப்பதைவிட அது நல்லது.