கடலுக்கு வேலி எங்கே?



திண்டிவனத்திலிருந்து மரக்காணம் செல்லும் பேருந்தில் நீங்கள் ஏறியதுண்டா? சுமார் 35 கிலோமீட்டர் பயணம். வழியில் நெல் வயல்களும் மல்லாட்டைக் கொல்லைகளும் ஏரிக்கரைகளும் மாறிமாறி வரும். மரக்காணம் நெருங்க நெருங்கக் காற்றில் உப்பு வாடை ஏறும். பிறகு பாத்தி பாத்தியாக உப்பளங்கள். "கடல் வந்துவிட்டது" என்று யாராவது சொல்வார்கள்.

உண்மையில் கடல் எங்கே தொடங்குகிறது? அலை வந்து காலை நனைக்கும் இடத்திலா? உப்பளத்திலா? அல்லது அதற்கும் முன்பாகவா?

இது விளையாட்டுக் கேள்வி அல்ல. கடல்நீரை மாசுபடாமல் காக்க அரசு ஒரு சட்டம் போடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சட்டம் எந்த இடத்திலிருந்து செல்லும் என்று சொல்லியாக வேண்டுமே! கடலுக்கு வேலி போடுவதானால் அதை எங்கே நடுவது?

உப்பு காட்டும் எல்லை

மரக்காணத்துக்கு அருகில் கழுவெளி என்ற பரந்த ஆழமற்ற நீர்நிலை இருக்கிறது. திண்டிவனம், வானூர் பக்கத்து ஏரிகள் பல, மழைக்காலத்தில் நிரம்பி வழிந்து இதில் வந்து சேர்கின்றன. கழுவெளியின் நீர் ஓர் உப்போடை வழியாக எடையன்திட்டுக் கழிமுகத்தை அடைந்து வங்காள விரிகுடாவில் கலக்கிறது. வடக்கே காக்கிநாடாவில் தொடங்கும் பக்கிங்காம் கால்வாயும் இந்த மரக்காணத்தில்தான் முடிகிறது.

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மழைநீர் கழுவெளியிலிருந்து கடலை நோக்கிப் பாய்கிறது. கோடையில் நிலைமை தலைகீழ். நீர்வரத்து நின்றுபோகிறது. கடல் ஏற்றத்தின்போது உப்புநீர் ஓடை வழியே உள்ளே ஏறி வருகிறது. ஆக, இங்கே கடலின் எல்லை ஓரிடத்தில் நிற்பதில்லை. மாதத்துக்கு மாதம் நகர்கிறது!

இப்படி நகரும் எல்லையைச் சட்டம் எப்படிப் பிடித்தது? மத்திய அரசு 2011-லும் 2019-லும் வெளியிட்ட கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கைகள் ஓர் எளிய வழியைச் சொல்கின்றன. ஆண்டின் மிக வறண்ட காலத்தில் ஓடை, காயல், கழிமுக நீரை அளந்து பார்க்க வேண்டும். ஆயிரம் பங்கு நீரில் 5 பங்கு உப்பு எதுவரை இருக்கிறதோ, அதுவரை கடல் ஏற்றத்தின் ஆட்சி என்று கொள்ள வேண்டும். வறண்ட காலத்தைத் தேர்ந்தது ஏன்? அப்போதுதான் உப்புநீர் மிகவும் உள்ளே வந்திருக்கும்.

நீங்களே செய்து பாருங்கள். ஒரு லிட்டர் குடிநீரில் 5 கிராம் சமையல் உப்பைக் கரையுங்கள். ஒரு சொட்டை நாவில் வையுங்கள். இலேசாகக் கரிக்கிறதா? சட்டத்தின் எல்லைக்கல் அதுதான். முழுக் கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கும்.

கோடு பிறந்த கதை

1981 நவம்பரில் அப்போதைய பிரதமர் இந்திரா காந்தி கடலோர மாநிலங்களின் முதலமைச்சர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். கடல் ஏற்றத்தின் உச்சத்திலிருந்து 500 மீட்டர் வரை கடற்கரையைக் கட்டடங்களும் பிற கேடுகளும் இன்றிக் காக்க வேண்டும் என்பது அதன் சாரம். கடிதத்துக்குச் சட்டத்தின் வலிமை இல்லை. 1986-ல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன்கீழ் 1991 பிப்ரவரியில் முதலாவது கடலோர மண்டல அறிவிக்கை பிறந்தது. 500 மீட்டர் என்ற அளவு சட்டமாயிற்று.

விரைவிலேயே அதற்குச் சோதனை வந்தது. 1990-களில் கடற்கரை நெடுகிலும் இறால் பண்ணைகள் பெருகின. தின்னாத தீவனமும் இறாலின் கழிவும் கலந்த நீர் ஓடைகளில் விடப்பட்டது. பண்ணைக் குட்டைகளின் உப்புநீர் மண்ணில் இறங்கி அக்கம்பக்கத்துக் கிணறுகளைக் கெடுத்தது. சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றத்தை நாடினார். 1996 டிசம்பர் 11-ல் தீர்ப்பு வந்தது. பாரம்பரிய முறைகளைத் தவிர, கடலோர மண்டலத்துக்குள் இறால் குட்டைகள் கூடாது. மாசுபடுத்தியவரே இழப்பீடும் தர வேண்டும் என்றது நீதிமன்றம்.

கதை அங்கே முடியவில்லை. 2005-ல் நாடாளுமன்றம் கடலோர நீருயிரி வளர்ப்புக்கென ஒரு தனிச் சட்டம் இயற்றியது. பண்ணைகள் பதிவு செய்துகொண்டு நடக்கலாம், 200 மீட்டருக்குள் மட்டும் உரிமம் இல்லை என்றது அந்தச் சட்டம். உப்போடைகளின் கரையிலும் இப்படித்தான் நடந்தது. 2011 அறிவிக்கை ஓடையின் அகலம் அல்லது 100 மீட்டர், இவற்றில் எது குறைவோ அந்த அளவு கரையைக் காத்தது. 2019 அறிவிக்கை அந்த 100-ஐ 50 ஆக்கியது.

கவனித்தீர்களா? உப்பு காட்டும் எல்லை இயற்கை போட்டது. மீட்டர் கணக்கு நாம் போட்டது. நாம் போட்ட கோட்டை நாமே நகர்த்தலாம், முன்னாலும் பின்னாலும்.

மூச்சுத் திணறும் நீர்

கழிவுநீர் கடலில் கலந்தால் என்ன? கடல்தான் அவ்வளவு பெரிதாயிற்றே என்று சிலர் கேட்பார்கள். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

மீனும் இறாலும் நீரில் கரைந்துள்ள ஆக்ஸிஜனைச் சுவாசிக்கின்றன. 27 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் நன்னீரில் சுமார் 8 மில்லிகிராம் ஆக்ஸிஜன்தான் கரைந்து நிற்க முடியும். உப்புநீரில் இன்னும் குறைவு. கழிவு நீரில் சேரும்போது பாக்டீரியாக்கள் அதைத் தின்று பெருகுகின்றன. அவையும் அதே ஆக்ஸிஜனைத்தான் எடுத்துக்கொள்கின்றன. 27 டிகிரியில் 3 நாட்களில் அவை எவ்வளவு ஆக்ஸிஜனைச் செலவழிக்கின்றன என்று சோதனைச்சாலையில் அளக்கிறார்கள். இதற்கு உயிர்வேதி ஆக்ஸிஜன் தேவை என்று பெயர்.

இந்திய விதிகளின் பொது அளவுப்படி, ஏரி, ஆறுகளில் விடும் தொழிற்சாலைக் கழிவுநீரில் இந்தத் தேவை லிட்டருக்கு 30 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. கடலோர நீரில் விடுவதானால் 100 வரை போகலாம்! அலையும் நீரோட்டமும் கழிவைக் கலந்து நீர்த்துப்போகச் செய்யும் என்ற நம்பிக்கைதான் இந்தச் சலுகைக்கு அடிப்படை.

இப்போது 100-ஐ 8-ஆல் வகுங்கள். இந்த வரம்பை எட்டிய ஒரு லிட்டர் கழிவுநீர், சுமார் 12 லிட்டர் நல்ல நீரின் ஆக்ஸிஜனை முழுக்க உறிஞ்சிவிடும். ஆழ்கடலில் இதை ஈடுகட்ட நீர் உண்டு. முழங்கால் ஆழமுள்ள காயலில், அதுவும் கோடையில், அவ்வளவு நீருக்கு எங்கே போவது? மீன் குஞ்சுகளும் இறால் குஞ்சுகளும் வளரும் தொட்டில் அந்த ஆழமற்ற நீர்தான். மீனவரின் வலையில் நாளை விழ வேண்டிய மீன் இன்று அங்கேதான் மூச்சு விடுகிறது.

கோட்டைத் தாண்டி வரும் தண்ணீர்

கடற்கரையில் 500 மீட்டரைக் கண்ணும் கருத்துமாகக் காத்தாலும், தண்ணீர் கோட்டை மதிப்பதில்லை. அது உள்நாட்டிலிருந்து வருகிறது. வயலில் மிஞ்சிய உரம் மழையில் கரைந்து வாய்க்காலில் இறங்குகிறது. அதிலுள்ள நைட்ரஜனும் பாஸ்பரஸும் பாசிக்குத் தீனி. பாசி பெருகி, மடிந்து, அழுகும்போது மறுபடியும் ஆக்ஸிஜன் பஞ்சம்தான்.

செஞ்சி மலைப்பகுதியில் பிறக்கும் சங்கராபரணி ஆற்றை எடுத்துக்கொள்ளுங்கள். திண்டிவனம் அருகே வீடூர் அணையில் தங்கி, புதுச்சேரி எல்லைக்குள் புகுந்து கடலை அடைகிறது. விழுப்புரம் மாவட்டத்தில் கலந்த அழுக்கு புதுச்சேரி மீனவரின் கடலில் போய்ச் சேர்கிறது!

ஆகவே கடலைக் காக்கும் கொள்கையில் பாதி, கடலைப் பற்றிப் பேசாத சட்டங்களில் இருக்கிறது. 1974-ஆம் ஆண்டு நீர் மாசுத் தடுப்புச் சட்டப்படி, கழிவுநீர் வெளியேற்றும் ஆலைகள் மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு பெற வேண்டும். தமிழ்நாட்டில் இந்த வாரியம் 1982-ல் அமைந்தது. 2019 ஜனவரி முதல் நாள் தொடங்கி, ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக் பொருட்கள் பலவற்றை மாநில அரசு தடை செய்தது. கடைத்தெருவுக்கான விதிபோலத் தோன்றினாலும் அது கடலுக்கும் காவல்தான்.

கழுவெளிக்கும் நல்ல காலம் பிறந்தது. 2021 டிசம்பரில் தமிழக அரசு இங்கே 5,000 ஹெக்டேருக்கும் மேற்பட்ட பரப்பைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. 2024 ஆகஸ்டில் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் கழுவெளி இடம்பெற்றது. பூநாரைகளும் அரிவாள் மூக்கன்களும் இங்கு இரை தேடுகின்றன. சேற்றில் புழுவும் பூச்சியும் நீரில் மீனும் இருந்தால்தான் அவை வரும்.

நீங்கள் என்ன செய்யலாம்?

உங்கள் ஊர் ஏரியின் உபரிநீர் எங்கே போகிறது என்று பெரியவர்களைக் கேளுங்கள். கலங்கலில் தொடங்கி, வாய்க்கால், அடுத்த ஏரி, ஆறு அல்லது ஓடை, கழிமுகம் என்று ஒரு தாளில் கோடு வரையுங்கள். வழியில் எங்கெங்கே குப்பையும் சாக்கடையும் சேர்கின்றன என்று குறியுங்கள். அறிவியல் ஆசிரியருடன் அந்தப் படத்தைக் கிராமசபைக் கூட்டத்துக்கு எடுத்துச் செல்லுங்கள். கோடுகளை நகர்த்துவது பற்றிப் பெரியவர்கள் பேசும் இடத்தில், தண்ணீர் போகும் வழி தெரிந்தவர் ஒருவர் இருப்பது நல்லது.

இனி யாராவது கடலுக்கு வேலி எங்கே என்று கேட்டால், மரக்காணத்தை நோக்கிக் கை காட்டாதீர்கள். உங்கள் தெருக்கோடி வாய்க்காலைக் காட்டுங்கள்.