சுட்ட தோட்டாவை மறுபடி அடைத்தல்

துப்பாக்கித் தோட்டா நான்கு உறுப்புகளால் ஆனது: பித்தளை உறை, அதன் அடியில் பதிந்திருக்கும் கேப்பு, உள்ளே மருந்து, வாயில் செருகிய குண்டு. துப்பாக்கியின் ஊசி கேப்பைத் தட்டியதும் அதிலுள்ள துளி வெடிபொருள் பற்றி மருந்தைக் கொளுத்துகிறது. மருந்து எரிந்து வாயுவாகிக் குண்டைக் குழல் வழியே தள்ளுகிறது. சுட்ட பிறகு மிஞ்சுவது உறை மட்டும். தோட்டாவில் செய்யக் கடினமானதும் விலை கூடியதும் அந்த உறைதான். அதை வீசிவிடாமல் புதுக் கேப்பு, புது மருந்து, புதுக் குண்டு வைத்துத் திரும்பப் பயன்படுத்துவதே மறுபடி அடைத்தல். அமெரிக்காவில் லட்சக்கணக்கானோர் வீட்டு மேசையில் இதைச் செய்கிறார்கள். காணொளிகளில் அதைப் பார்த்துவிட்டு, மதுரையில் உரிமத்தோடு துப்பாக்கி வைத்திருப்பவர்களும் நாமும் செய்யலாமா என்று கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். வேலை எப்படி நடக்கிறது என்பதும், இங்கே சட்டம் என்ன சொல்கிறது என்பதும் சேர்ந்தே தெரிந்தால்தான் அந்தக் கேள்விக்கு விடை கிடைக்கும்.

சுடும்போது உண்டாகும் அழுத்தத்தில் உறை விரிந்து துப்பாக்கியின் அறைச் சுவரோடு ஒட்டிக்கொள்கிறது. வாயு பின்பக்கம் கசியாமல் தடுப்பது இந்த விரிவுதான். அழுத்தம் தணிந்ததும் பித்தளை சற்றே சுருங்கினாலும் பழைய அளவுக்கு முழுதாகத் திரும்புவதில்லை. எனவே அடைப்பவர் முதலில் உறையைச் சுத்தம் செய்து, கழுத்தில் கீறலும் அடியில் வெடிப்பும் இல்லை என்று பார்க்கிறார். பிறகு கைநெம்பால் இயங்கும் அழுத்தப் பொறியில், எஃகு அச்சுக்குள் உறையைச் செலுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவருகிறார். அதே அழுத்தில் செத்த கேப்பு வெளியே தள்ளப்படுகிறது. நீண்டுபோன கழுத்தை வெட்டிச் சரிசெய்து, புதுக் கேப்பைப் பதித்து, மருந்தை நிறுத்துப் போட்டு, குண்டைக் குறிப்பிட்ட நீளத்துக்கு அழுத்தினால் தோட்டா தயார்.

எல்லா உறையும் இதற்கு இடம் கொடுப்பதில்லை. 1860களில் இரண்டு வகைக் கேப்புகள் வந்தன. ஒன்று இங்கிலாந்தின் எட்வர்டு பாக்சர் அமைத்தது, மற்றது அமெரிக்காவின் ஹைரம் பெர்டன் அமைத்தது. பாக்சர் முறையில் உறையின் அடியில் நடுவே ஒரே துளை இருப்பதால் மேலிருந்து ஊசியை விட்டுச் செத்த கேப்பை எளிதில் தள்ளிவிடலாம். பெர்டன் முறையில் நடுவைவிட்டு விலகிய சிறு துளைகள் இருப்பதால் ஊசி நுழையாது. அமெரிக்கச் சந்தையில் நிலைத்தது ஆங்கிலேயரின் பாக்சர் முறை. ஐரோப்பியப் படைகள் பலவற்றில் பரவியது அமெரிக்கரின் பெர்டன் முறை. வீட்டில் அடைக்கும் வழக்கம் அமெரிக்காவில் வேரூன்றியதற்கு இதுவும் ஒரு காரணம்.

ரைபிள் கிளப்புகளில் பயிற்சிக்கு மிகுதியும் செலவாகும் .22 தோட்டாவை வீட்டில் அடைக்க முடியாது. அதில் தனிக் கேப்பு கிடையாது. உறையின் விளிம்புக்குள்ளேயே வெடிபொருள் பூசப்பட்டிருக்கும். ஊசி பட்டதும் விளிம்பு நசுங்கிவிடுவதால் அந்த உறை அதோடு முடிந்தது. பள்ளி, கல்லூரிப் பிள்ளைகள் தொடங்கும் 10 மீட்டர் ஏர் ரைபிளில் மருந்தே இல்லை. அது காற்றழுத்தத்தில் 4.5 மில்லிமீட்டர் ஈயக் குண்டைச் செலுத்துகிறது. ஆக, மதுரையில் துப்பாக்கி சுடுதலைப் பழகும் பெரும்பாலோருக்கு மறுபடி அடைக்கும் தேவையே எழுவதில்லை.

மருந்தை நிறுப்பதில்தான் உயிர் இருக்கிறது. மருந்தின் எடை கிரெய்ன் என்ற அலகில் சொல்லப்படுகிறது. ஒரு பவுண்டுக்கு 7,000 கிரெய்ன். ஒரு கிரெய்ன் 0.065 கிராமுக்கும் சற்றுக் குறைவு. ஒவ்வொரு மருந்தும் ஒவ்வொரு வேகத்தில் எரியும். கைத்துப்பாக்கிக்கான வேக மருந்தை ரைபிள் உறையில் நிரப்பினால் குழலோ அறையோ சிதறிவிடும். மருந்து தயாரிக்கும் நிறுவனங்கள் எந்தக் குண்டுக்கு எந்த மருந்து எவ்வளவு என்று சோதித்து அட்டவணை வெளியிடுகின்றன. அதைத் தாண்டிக் கையளவில் போடுவது தற்கொலைக்குச் சமம். மருந்து கூடினால் மட்டும்தான் ஆபத்து என்று எண்ணுவதும் தவறு. மருந்து விழாத உறையில் கேப்பு மட்டும் வெடித்தால், குண்டு குழலின் பாதியில் சிக்கிக்கொள்ளும். சத்தம் குறைந்ததைக் கவனிக்காமல் அடுத்ததைச் சுட்டால் குழல் பிளக்கும். இந்த வேலையில் அனுபவம் உள்ளவர்கள் பேச்சோ தொலைபேசியோ இல்லாத இடத்தில் உட்கார்ந்து செய்வதற்குக் காரணம் இதுதான்.

மதுரைச் சமவெளிக்குக் கையால் அடைக்கும் வேலை புதிதல்ல. 1763-64இல் மதுரையை ஆண்ட யூசுப் கானை எதிர்த்து ஆற்காட்டு நவாபின் படையும் கிழக்கிந்தியக் கும்பினிப் படையும் மதுரைக் கோட்டையை முற்றுகையிட்ட காலத்தில், சிப்பாய்கள் மருந்தையும் குண்டையும் காகிதத்தில் சுருட்டி வைத்திருந்தார்கள். சுடும்போது காகித முனையைப் பல்லால் கிழித்து மருந்தைக் குழலில் கொட்டிக் கம்பியால் இடிப்பார்கள். பாளையக்காரர் கிளர்ச்சியை அடக்கிய பின், 1801 டிசம்பரில் சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் தென்சீமை மக்கள் ஆயுதம் வைத்திருப்பதைத் தடைசெய்து அறிவிப்பு வெளியிட்டார். 1878இல் வந்த ஆயுதச் சட்டம் நாடு முழுவதும் உரிமத்தைக் கட்டாயமாக்கியது. துப்பாக்கிக் கட்டுப்பாட்டின் கதையில் இந்தத் தென்பகுதிக்குப் பழைய இடம் உண்டு.

காகிதத் தோட்டாவின் வழிமுறை நாட்டுத் துப்பாக்கியில் இன்றும் உயிரோடிருக்கிறது. உரிமப் புத்தகத்தில் எஸ்.பி.எம்.எல். என்று எழுதப்படும் ஒற்றைக்குழல் துப்பாக்கி அது. குழல் வாய் வழியே கருமருந்து, அடைப்புக்குத் தேங்காய் நார், அதன்மேல் ஈய ரவை, மறுபடி அடைப்பு என்று கம்பியால் கெட்டித்து, குதிரை விழும் இடத்தில் கேப்பை மாட்டுவார்கள். உறையே இல்லாததால் ஒவ்வொரு வெடிக்கும் கையால் அடைத்தாக வேண்டும். பயிர்க் காவலுக்கு உரிமம் பெற்ற விவசாயிகளும், வேட்டையாடி வாழ்ந்த நரிக்குறவர்களும் தலைமுறைகளாகக் கையாண்ட கலை இது. பயிர்க் காவல் உரிமம் காட்டு விலங்கைச் சுட அனுமதி ஆகாது என்பதை மட்டும் இங்கே சொல்லியாக வேண்டும். அதற்கு 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே நிற்கிறது.

இப்போது நடப்பிலுள்ள ஆயுதச் சட்டம் 1959இல் இயற்றப்பட்டு 1962இல் அமலுக்கு வந்தது. தோட்டா என்பதற்கு அது தரும் வரையறை பலர் நினைப்பதைவிட விரிந்தது. அடைத்து முடித்த தோட்டா மட்டுமல்ல, அதன் பாகங்களும், அதைத் தயாரிக்கும் இயந்திரமும் அந்த வரையறைக்குள் அடங்கும். காலி மேசையில் நிற்கும் அழுத்தப் பொறிகூட இந்தக் கணக்கில் வரக்கூடும். அதோடு, 3ஆம் பிரிவின் கீழ் வாங்கும் உரிமம் வைத்திருப்பதற்கு மட்டுமே. தயாரிப்புக்கு 5ஆம் பிரிவின் கீழ் தனி உரிமம் வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு, உரிமமின்றித் தயாரித்தால் குறைந்தது ஏழு ஆண்டு சிறை. ஆயுள் தண்டனை வரை போகலாம். மருந்துக்கு 1884ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டமும் 2008ஆம் ஆண்டு விதிகளும் வேறு இருக்கின்றன. அமெரிக்காவில் கடையில் வாங்கும் பொருளை இங்கே அஞ்சலில் தருவிப்பது பொழுதுபோக்காகத் தொடங்கி வழக்கில் முடியும்.

நாட்டுக்குள்ளேயே தோட்டா கிடைக்காமல் இல்லை. புனேக்கு அருகே காட்கியில் 1869இல் தொடங்கிய வெடிமருந்துத் தொழிற்சாலையிலிருந்து 12 போர் என்னும் குழலளவுக்கான தோட்டாக்கள் நெடுங்காலமாகச் சந்தைக்கு வருகின்றன. புகையில்லா மருந்தைத் தமிழ்நாட்டிலேயே நீலகிரியின் அருவங்காடு கார்டைட் தொழிற்சாலை ஒரு நூற்றாண்டுக்கு மேலாகச் செய்துவருகிறது. உரிமம் பெற்ற கடையில் வாங்கும் ஒவ்வொரு தோட்டாவுக்கும் கணக்கு உண்டு. ஆண்டுக்கு எவ்வளவு வாங்கலாம் என்பதை உரிமமே சொல்லும்.

இந்த வழியை விட்டு, கருமருந்தை வீட்டில் இடித்துக்கொள்வது நாட்டுத் துப்பாக்கி வைத்திருப்பவர்களிடம் இன்னும் அற்றுப்போகாத வழக்கம். மதுரைக்குத் தெற்கே சிவகாசி வட்டாரப் பட்டாசு ஆலைகளில், விதிகளுக்கு உட்பட்டுப் பிரித்துக் கட்டிய அறைகளில், பழகிய கைகள் செய்யும்போதே உராய்வால் விபத்து நேர்ந்து உயிர்கள் போகின்றன. அடுப்பும் குழந்தைகளும் உள்ள வீட்டில் அதைச் செய்வதற்கு எந்த நியாயமும் இல்லை. காட்டுப்பன்றிக்காக இரைக்குள் வெடி மறைத்து வைக்கும் அவுட்டுக்காயும் இதே மருந்தின் பிள்ளைதான். பன்றிக்கு வைத்ததை மாடு கடித்து வாய் சிதைந்த கொடுமை தமிழகத்தில் திரும்பத் திரும்ப நடந்திருக்கிறது. யானைகளும் அதற்குப் பலியாகியிருக்கின்றன.

துப்பாக்கியில் உண்மையான ஈடுபாடு உள்ளவருக்கு இங்கே திறந்திருக்கும் வாசல் ரைபிள் கிளப். ஏர் ரைபிளில் தொடங்கி, .22க்குப் போய், போட்டிகளில் தேறியவர்களுக்குத் தோட்டா ஒதுக்கீட்டிலும் இறக்குமதியிலும் 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகள் சலுகை தருகின்றன. மறுபடி அடைத்தே தீர வேண்டும் என்ற தேவை உள்ள விளையாட்டு வீரர், எந்தக் கருவியையும் வாங்கும் முன் உரிமம் கொடுத்த அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டு, எழுத்து மூலம் பதில் பெற வேண்டும். மதுரை மாநகருக்குள் அது காவல் ஆணையர் அலுவலகம். மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் போன்ற புறப்பகுதிகளுக்கு மாவட்ட ஆட்சியர் அலுவலகம்.

தாத்தா காலத்துத் துப்பாக்கியோடு பரணில் பழைய மருந்தும் கேப்பும் தோட்டாவும் கிடக்கும் வீடுகள் இந்த வட்டாரத்தில் உண்டு. உரிமதாரர் இறந்ததும் அவை உரிமமற்ற பொருள்களாகிவிடுகின்றன. மருந்தும் கேப்பும் நாள்பட்டு எப்படி மாறியிருக்கும் என்று பார்த்துச் சொல்ல முடியாது. அவற்றைத் தட்டியோ கொட்டியோ சோதிக்காமல், காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்லி ஒப்படைத்துவிடுங்கள். ஆயுதச் சட்டத்தின் 21ஆம் பிரிவு அதற்காகவே இருக்கிறது.