மூட்டு மாற்றியாச்சு, தொடை இன்னும் எழவில்லை

முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை முடிந்த மறுநாளே நோயாளியை எழுப்பி நிற்க வைத்துவிடுகிறார்கள். சில இடங்களில் அன்று மாலையே. கூட இருக்கும் மகளுக்கும் மருமகனுக்கும் பதறும். “நேத்துதானே சார் ஆபரேஷன், ஊன்றினா கழண்டுடாதா?” கழலாது. எலும்பையும் உலோகத்தையும் பிணைக்கும் சிமென்ட், ஆபரேஷன் மேசையிலேயே கால் மணி நேரத்துக்குள் இறுகிவிடும். தொடை எலும்பின் நுனியில் கோபால்ட் குரோமியக் கவசம், கீழ்க்கால் எலும்பின் தலையில் உலோகத் தட்டு, நடுவில் வழவழப்பான பாலிஎத்திலீன். முதல் நாளே உடல் எடையைத் தாங்கும்.

தாங்காதது தொடை. “முட்டியை மடக்காம காலைத் தூக்குங்கம்மா” என்பார் ஃபிசியோதெரபிஸ்ட். அந்த அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு முயல்வார். குதிகால் மெத்தையை விட்டு ஒரு விரற்கடைகூட எழாது. இங்கேதான் பலர் மனம் தளர்ந்துவிடுகிறார்கள். வலிதான் தடுக்கிறது, வலி போனதும் தானாக நடந்துவிடலாம் என்று படுத்துவிடுகிறார்கள்.

உள்ளே நிகழ்வது வேறு. மூட்டு வீங்கும்போது அதன் உறையில் உள்ள நரம்பு முனைகள் தண்டுவடத்துக்குத் தகவல் அனுப்புகின்றன. உடனே தொடையின் முன்புறத் தசைக்குப் போகும் கட்டளையைத் தண்டுவடம் அடக்கிவிடுகிறது. ஆரோக்கியமான முழங்காலுக்குள் உப்புநீர் செலுத்திச் சோதித்திருக்கிறார்கள். வலி இல்லாதபோதும் தசை வலுவிழந்தது. அமெரிக்காவில் டெலவேர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2005-இல் வெளியிட்ட ஆய்வு இதைத் துல்லியமாகக் காட்டியது. ஆபரேஷன் ஆகி ஒரு மாதத்தில் தொடைத் தசையின் வலு 62 சதவீதம் குறைந்திருந்தது. தசையின் பருமனோ 10 சதவீதம்தான் குறைந்திருந்தது. தசை பெரும்பாலும் அப்படியேதான் இருக்கிறது. அதற்கு வரவேண்டிய கட்டளைதான் முழுதாக வருவதில்லை. படுத்தே கிடந்தால் பருமனும் கரையும்.

வலி மாத்திரையின் வேலையும் இங்கேதான் புரிகிறது. அது உடற்பயிற்சிக்கான முன்னேற்பாடு. “எவ்வளவு மாத்திரைதான் சாப்பிடறது, வலிச்சா பார்த்துக்கலாம்” என்று தள்ளிப்போடுவது நம் வீடுகளில் சகஜம். வலி ஏறியபின் அதை இறக்குவது கடினம். முதல் சில வாரங்கள் மருத்துவர் சொன்ன நேரத்துக்குப் போட்டுக்கொண்டு, அது வேலை செய்யத் தொடங்கியதும் பயிற்சியை ஆரம்பிப்பதே சரி. ஆனால் மருந்துக்கடையில் கேட்டு வாங்கிப் போடும் வலி மாத்திரை, சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் உள்ள பெரியவர்களின் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடலாம். வீக்கத்துக்கு, துண்டில் சுற்றிய ஐஸ் பேக்கைக் கால் மணி நேரம் வைக்கலாம். பயிற்சி செய்த அன்று வலிப்பது இயல்பு. மறுநாள் காலை வீக்கம் கூடியிருந்தால் பயிற்சியின் அளவைக் குறைக்கவேண்டும்.

அன்பால் செய்யப்படும் ஒரு கெடுதல் உண்டு: முட்டிக்கு அடியில் தலையணை. வைத்ததும் சுகமாக இருக்கும். அப்படியே வாரக்கணக்கில் படுத்தால் முட்டி மடங்கியபடியே இறுகி, நடக்கும்போது கால் நீளாது. தலையணையைக் குதிகாலுக்கு அடியில் வையுங்கள். முட்டியின் பின்பக்கம் மெத்தையை நோக்கி அழுந்தட்டும். அப்படியே தொடையை இறுக்கி, ஐந்து எண்ணி விடவேண்டும். பார்க்கச் சாதாரணமாக இருக்கும் இந்தப் பயிற்சிதான் அடங்கிக்கிடக்கும் தசையைத் தட்டி எழுப்புகிறது. எல்லோரும் “எவ்வளவு மடக்க வருது?” என்றுதான் விசாரிக்கிறார்கள். சமதளத்தில் நடக்க ஏறத்தாழ 65 டிகிரி மடங்கினால் போதும், படி ஏறி இறங்கவும் நாற்காலியில் உட்காரவும் 90-ஐ ஒட்டி வேண்டும். நீட்டுவதை யாரும் கேட்பதில்லை. எனக்கு அதுவே பெரிய கவலை.

பெர்லின் ஷாரிட்டே மருத்துவமனையில், அளவுக்கருவியும் ரேடியோ டிரான்ஸ்மிட்டரும் பொதிந்த செயற்கை மூட்டைச் சிலருக்குப் பொருத்தி, அது சுமக்கும் விசையை நேரடியாக அளந்தார்கள். சமதளத்தில் நடக்கையில் உடல் எடையைப் போல் சுமார் இரண்டரை மடங்கு, படி ஏறுகையில் மூன்று மடங்குக்கும் மேல். இறங்கும்போதுதான் அதிகம், ஏறத்தாழ மூன்றரை மடங்கு. அதனால்தான், உழைப்பு நல்ல காலுக்கே போகும்படி, ஏறும்போது நல்ல காலையும், இறங்கும்போது ஆபரேஷன் செய்த காலையும் முதலில் வைக்கச் சொல்கிறார்கள். கைத்தடி எதிர்ப்பக்கக் கையில் இருக்கவேண்டும்.

வாக்கரிலிருந்து கைத்தடிக்கு வரச் சில வாரங்கள் ஆகும். வலு தேறுவது ஓராண்டு வரை தொடரும். தழும்பின் வெளிப்பக்கம் மரத்துப்போவதும், நடக்கையில் லேசாக ‘டக்’ என்று கேட்பதும், சில மாதம் முட்டி வெதுவெதுப்பாக இருப்பதும் பெரும்பாலும் பயப்படவேண்டியவை அல்ல. கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, காய்ச்சலுடன் தையலில் நீர் கசிந்தாலோ அன்றே மருத்துவரைப் பார்க்கவேண்டும். திடீரென்று மூச்சு வாங்கினால் ஒரு நிமிடமும் தாமதிக்கக்கூடாது.

இன்னொன்றையும் ஆபரேஷனுக்கு முன்பே குடும்பத்தாரிடம் சொல்லவேண்டும். ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு, பயிற்சியெல்லாம் ஒழுங்காகச் செய்தும், மாதங்கள் கடந்தும் வலி நீடிக்கிறது. கிருமித் தொற்றா, மூட்டு தளர்ந்திருக்கிறதா, இடுப்பிலிருந்தோ முதுகிலிருந்தோ இறங்கும் வலியா, வலியைக் கடத்தும் நரம்பு மண்டலமே கூர்மையாகிவிட்டதா என்று ஒவ்வொன்றாகத் தேடிப் பார்க்க வழியிருக்கிறது. மூன்று மாதத்துக்குப் பிறகும் இரவில் தூங்கவிடாத வலி என்றால், அவரைத் திரும்ப மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். “வயசானா அப்படித்தான் இருக்கும்மா” என்று சொல்லி உட்காரவைத்துவிடாதீர்கள்.